‘என்ன கிடைத்தது?’ முதல் ‘எங்கே கிடந்தது?’ வரை

பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பு, திருச்சிராப்பள்ளி உறையூருக்குப் பக்கத்தில் உள்ள ஓர் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியையாக இருந்தேன். ஒரு திங்கட்கிழமை காலை, ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி பை நிறையப் பானை ஓடுகளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். “டீச்சர், எங்க மாமா வீடு கட்டக் கடைக்கால் தோண்டினாங்க. அதுல வந்துச்சு. புத்தகத்துல இருக்கிற மாதிரியே இருக்கு பாருங்க” என்றாள். உள்பக்கம் கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு. ஓர் ஓட்டில் மீன் போன்ற ஒரு கீறல்கூட இருந்தது. எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

அன்று மதியமே அந்த ஓடுகளைச் சோப்புத்தூள் போட்டு ஊறவைத்தேன். பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, பளபளப்புக்கு வார்னிஷும் பூசினேன். ‘சங்ககாலப் பானை ஓடுகள், உறையூர்’ என்று அட்டை எழுதிக் கண்ணாடி அலமாரியில் வைத்தோம். தலைமையாசிரியர் காலை வணக்கக் கூட்டத்தில் அந்த மாணவியைப் பாராட்டினார்.

இரண்டு மாதம் கழித்து, தொன்மைப் பாதுகாப்பு மன்றக் கூட்டத்துக்குத் தொல்லியல் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவரை அழைத்திருந்தோம். அலமாரி முன் நின்று அவர் மூன்று கேள்விகள் கேட்டார். “எவ்வளவு ஆழத்துல கிடைச்சதும்மா? கூட வேற என்ன இருந்தது? உள்பக்கம் கரி, பிசுக்கு ஏதாவது ஒட்டியிருந்ததா?” மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. அன்று மாலையே மாணவியுடன் அவள் மாமா வீட்டுக்குப் போனேன். கடைக்கால் மூடிக் கான்கிரீட் போட்டு, சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்திருந்தது.

அந்தப் பெரியவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. கிளம்பும்போது, “ஓடு பத்திரமா இருக்கும்மா. அது சொல்ல வேண்டியதைத்தான் கழுவிட்டோம்” என்று மட்டும் சொன்னார். ‘கழுவிட்டோம்’ என்று தன்னையும் சேர்த்துக்கொண்டது அவருடைய பெருந்தன்மை.

அவர் கேட்ட மூன்று கேள்விகளையும் கேட்கக் கற்றுக்கொள்ளத் தொல்லியலுக்கே நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது என்பது பிறகு படித்தபோது புரிந்தது. ஆறாம் வகுப்பில் ‘வரலாறு என்றால் என்ன?’ பாடத்தை நடத்தும் நாம், ‘அகழாய்வில் பொருள்கள் கிடைத்தன’ என்ற வரியோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறோம். அந்த ஒரு வரிக்குள் இருக்கும் மாற்றத்தை, நம் திருச்சி, திருவரங்கம் எடுத்துக்காட்டுகளோடு வகுப்பறைக்குக் கொண்டுபோகலாம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொருளைத் தேடிய காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பழம்பொருள் ஆர்வலர்கள் கேட்ட முதல் கேள்வி ‘என்ன கிடைத்தது?’ என்பதுதான். இதற்கு நம் மாநிலத்தில் தெளிவான எடுத்துக்காட்டு தாமிரபரணிக் கரையில் உள்ள ஆதிச்சநல்லூர். 1876இல் பெர்லினைச் சேர்ந்த ஜாகோர் அங்கே அகழ்ந்து, கிடைத்தவற்றை ஜெர்மனிக்கு எடுத்துச் சென்றார். பின்னர் 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ அங்கே அகழ்ந்தார். தாழிகள், வெண்கலப் பொருள்கள், இரும்புக் கருவிகள், பொன்னாலான நெற்றிப்பட்டங்கள் எனப் பெருந்தொகுப்பு கிடைத்தது. அது சென்னை அருங்காட்சியகம் சேர்ந்தது. 1915இல் அவற்றின் பட்டியல் நூலாக வெளிவந்தது.

அந்தப் பட்டியல் மதிப்புமிக்கதுதான். ஆனால் பட்டியல் என்பது பொருளுக்கு முதலிடம் தரும் முறை. இந்தத் தாழி முந்தியதா, அந்தத் தாழி முந்தியதா என்று கேட்டால் பட்டியல் பதில் சொல்லாது. ஆதிச்சநல்லூரின் காலத்தைப் பற்றிப் பேச, நூறாண்டு கழித்து 2004இல் இந்தியத் தொல்லியல் துறை அங்கே மீண்டும் குழி இட வேண்டியிருந்தது.

அக்காலத்தவர் எல்லாரையும் பொருள் சேகரிப்பவர்கள் என்று ஒதுக்கிவிடவும் கூடாது. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் கற்கருவியைக் கண்டெடுத்த இராபர்ட் புரூஸ் பூட் ஒரு நிலவியலாளர். கல்லைக் கையில் எடுத்தவுடன், அது எந்தச் சரளை அடுக்கிலிருந்து வந்தது என்று பார்க்கும் பழக்கம் அவர் தொழிலிலேயே இருந்தது. பிற்காலத் தொல்லியல் கற்றுக்கொண்ட பாடத்தின் விதை அது.

கல்லைப் படித்த காலம்

அதே நூற்றாண்டின் இறுதியில் இன்னொரு வேலையும் நடந்தது. மண்ணைத் தொடாமல், சுவரைப் படிக்கும் வேலை. 1886இல் சென்னை மாகாணத்தின் கல்வெட்டு அறிஞராக ஹுல்ஷ் நியமிக்கப்பட்டார். 1890இல் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ முதல் தொகுதி வெளிவந்தது. நம் மலைக்கோட்டையின் மேல் குடைவரையில் முதலாம் மகேந்திரவர்மன் வெட்டுவித்த கல்வெட்டுகள் அந்த முதல் தொகுதியிலேயே இடம்பெற்றுள்ளன. தாயுமானவரையும் உச்சிப் பிள்ளையாரையும் பார்க்கப் படியேறும் நம் மாணவர்கள் பலர், வழியில் இருக்கும் அந்தக் குடைவரைக்குள் நின்று பார்த்ததே இல்லை.

கல்வெட்டைக் கண்ணால் பார்த்து எழுதினால் பிழை வரும். அதற்காக வந்த முறைதான் மைப்படி எடுத்தல். கல்லைத் தூரிகையால் துடைத்து, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, எழுத்தின் பள்ளத்துக்குள் தாள் இறங்கும்படி தூரிகையால் தட்டுவார்கள். பிறகு மேலே மை ஒற்றினால் பின்புலம் கறுப்பாகவும் எழுத்து வெள்ளையாகவும் தெரியும். கல் அங்கேயே இருக்கும். அதன் நேர்ப்படி ஆய்வாளர் மேசைக்கு வந்துவிடும். ஒருவர் படித்ததை இன்னொருவர் சரிபார்க்கலாம். இது பெரிய முன்னேற்றம்.

திருவரங்கம் அரங்கநாதர் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாம் நூற்றாண்டின் பராந்தக சோழன் காலம் தொடங்கி நாயக்கர் காலம் வரையிலான அறுநூறுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ 24ஆம் தொகுதியாக 1982இல் வெளிவந்தன. ஒரே கோயிலுக்கு ஒரு முழுத் தொகுதி! நிலக்கொடை, விளக்குக்கு நெய், நந்தவனம், தண்ணீர், வரி என்று ஊர் வாழ்க்கையே சுவரில் எழுதியிருக்கிறது.

இங்கேயும் ‘எங்கே?’ என்ற கேள்வி முக்கியமானது. ஒரு கல்வெட்டு எந்தத் திருச்சுற்றில், எந்த மண்டபத்தின் எந்தப் பக்கச் சுவரில் இருக்கிறது என்பது, அந்தக் கட்டடம் எப்போது கட்டப்பட்டது என்பதற்குச் சான்று. திருப்பணியின்போது கல்லைப் பிரித்து வேறிடத்தில் மாற்றிக் கட்டினால் எழுத்து பிழைத்திருக்கும். ஆனால் அந்தச் சான்று குலைந்துவிடும். மணலை வேகமாகப் பாய்ச்சிச் சுவரைச் சுத்தம் செய்தால் எழுத்தின் விளிம்பே தேய்ந்துபோகும். திருவரங்கம் கோயிலில் மரபு முறைகளைப் பின்பற்றிச் செய்த சீரமைப்புக்கு 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. பழையதைப் புதிதுபோல் ஆக்குவது வேறு, காப்பது வேறு என்று மாணவர்களிடம் பேச இது நல்ல வாய்ப்பு.

மண்ணைப் படிக்கத் தொடங்கிய காலம்

பெரிய திருப்பம் 1945இல், புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் வந்தது. இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக 1944இல் பொறுப்பேற்ற மார்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டிலிருந்து வந்திருந்த ரோமானிய மண்கலத் துண்டைப் பார்த்தார். அவருக்கு அது ஒரு சாவியாகப் பட்டது.

அவர் யோசித்த விதத்தை மாணவர்களுக்குப் படிப்படியாகச் சொல்லலாம். தென்னிந்தியாவில் ஏராளமான பானை ஓடுகள் கிடைக்கின்றன. அவற்றின் காலம் தெரியவில்லை. இத்தாலியின் அரெஸ்ஸோ நகரைச் சார்ந்த சிவப்பு மண்கலங்களின் காலமோ நன்கு தெரியும். அந்த ரோமானியக் கலமும் நம் ஊர்க் கலமும் ஒரே மண்ணடுக்கில் சேர்ந்து கிடந்தால், நம் ஊர்க் கலத்தின் காலமும் தெரிந்துவிடும். பிறகு அதே வகைக் கலம் தென்னிந்தியாவில் வேறு எங்கே கிடைத்தாலும் அந்த அடுக்கின் காலத்தைச் சொல்லலாம். உருள்சக்கரத்தால் வளையம் வளையமாகக் கோலமிட்ட ‘ரௌலட்டட்’ வகை ஓடு இப்படித்தான் தென்னிந்தியத் தொல்லியலின் அளவுகோல் ஆனது.

இந்த வாதம் முழுவதும் ‘சேர்ந்து கிடந்தது’ என்ற இரண்டு சொற்களில் நிற்கிறது. அதனால்தான் வீலர் தோண்டும் முறையையே மாற்றினார். நிலத்தைச் சதுரங்களாகப் பிரித்து, சதுரங்களுக்கு இடையே தோண்டாத மண்தடுப்புகளை விட்டு, ஒவ்வோர் அடுக்காக இறங்கினார்கள். தடுப்பின் பக்கச் சுவரில் மண்ணின் நிறமும் தன்மையும் மாறும் கோடுகளைப் பார்த்து அடுக்குகளுக்கு எண் கொடுத்தார்கள். கிடைத்த ஒவ்வொன்றும் அடுக்கு எண்ணோடு பதிவானது.

வீலர் சொன்ன காலம் முடிந்த முடிவாக இருக்கவில்லை. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அரிக்கமேட்டில் மீண்டும் அகழ்ந்து, அங்கே வாழ்விடம் வீலர் நினைத்ததற்கும் முன்பே தொடங்கியது என்று காட்டினார்கள். வீலரின் முடிவைத் திருத்த முடிந்ததற்கு ஒரு காரணம், அவர் அடுக்குகளை வரைந்து வைத்திருந்தார் என்பது. விடை தவறாகலாம்; வழிமுறையை எழுதி வைத்திருந்தால் அடுத்தவர் திருத்திக்கொள்வார். கணக்கு ஆசிரியர்கள் ‘செய்முறையை எழுது’ என்று சொல்வது இதற்காகத்தானே!

உறையூரில் இறங்கிய குழிகள்

முற்காலச் சோழரின் தலைநகரம், கோழி என்று இலக்கியம் அழைக்கும் ஊர், இன்று நம் மாநகராட்சிக்குள் இருக்கிறது. 1965 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் துறை உறையூரில் அகழாய்வு செய்தது. அதன் அறிக்கையை கே.வி. இராமன் எழுதி 1988இல் பல்கலைக்கழகம் வெளியிட்டது. கறுப்பு-சிவப்பு மட்கலங்கள், ரௌலட்டட் ஓடுகள், தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகள், செங்கல்லால் கட்டிய சாயத்தொட்டி ஆகியவை அங்கே கிடைத்தவற்றுள் குறிப்பிடத்தக்கவை. அரிக்கமேட்டுச் சாவி இங்கேயும் பயன்பட்டது: ரௌலட்டட் ஓடு கிடந்த அடுக்கில் கூடக் கிடந்தவற்றுக்கும் காலம் கிடைத்தது.

சாயத்தொட்டியை மட்டும் சற்று நின்று பார்ப்போம். வெறும் செங்கற்களாகப் பெயர்த்து எடுத்திருந்தால் அது நான்கு செங்கல். கட்டப்பட்ட இடத்திலேயே, கட்டப்பட்ட வடிவிலேயே பார்த்ததால்தான் அது தொட்டி. கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘பெரிப்ளூஸ்’ என்ற கடற்பயணக் குறிப்பு ‘அர்கரு’ என்ற ஊரின் பெயரால் வழங்கிய துணியைச் சொல்கிறது. அந்த ஊர் உறையூர்தான் என்பது அறிஞர் பலரின் கருத்து. தூரத்து நூல் ஒன்றின் வரியும், நம் ஊர் மண்ணுக்குள் இருந்த தொட்டியும், இன்றும் தறி ஓடும் ஊரும் ஒரே பாடத்தில் சந்திக்கின்றன.

உறையூர் மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “டீச்சர், மண்மாரி பெய்து ஊர் அழிஞ்சதாமே, நிஜமா?” மேற்கூரை இல்லாத வெக்காளியம்மன் கோயிலோடு சேர்த்துச் சொல்லப்படும் கதை அது. இதைப் பொய் என்று ஒதுக்கினால் பிள்ளை வாய் மூடிவிடும். உண்மை என்று ஒப்புக்கொண்டால் பாடம் மூடிவிடும். நான் சொல்வது இது: “மண்கிட்டயே கேட்கலாம். காத்து கொண்டுவந்த மணலும் ஆறு கொண்டுவந்த வண்டலும் ஒண்ணு போல இருக்காது. ஊர் முழுக்க ஒரே நேரத்துல மணல் விழுந்திருந்தா, எந்தக் குழியில இறங்கினாலும் அதே மட்டத்துல அந்த அடுக்கு தெரியணும்.” கதையைச் சோதிக்கக்கூடிய கேள்வியாக மாற்றுவதுதான் நாம் தரவேண்டிய பயிற்சி.

மக்கள் வாழும் ஊரை முழுதும் அகழ முடியாது. பல்கலைக்கழகத்தார் இறங்கியது சில குழிகளில்தான். மீதி உறையூர் நம் வீடுகளுக்கும் தெருக்களுக்கும் அடியில் இருக்கிறது. ஒவ்வொரு கடைக்காலிலும், ஒவ்வொரு சாக்கடைக் குழியிலும் அது ஒருநாள், இரண்டு நாள் கண்ணில் பட்டு மறைகிறது. அப்போது பக்கத்தில் நிற்பவர்கள் பெரும்பாலும் நம் மாணவர்கள்.

ஆய்வகமும் சேர்ந்துகொண்ட காலம்

1949இல் வில்லார்ட் லிப்பி கரிமக் காலக்கணிப்பை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். உயிரோடு இருக்கும் மரமும் நெல்லும் காற்றிலிருந்து கரிமம்-14ஐப் பெற்றுக்கொண்டே இருக்கும். இறந்ததும் வரவு நின்று, இருப்பு மட்டும் குறையும். ஏறத்தாழ 5,730 ஆண்டுகளில் பாதியாகும். மிச்சம் எவ்வளவு என்று அளந்தால் காலம் தெரியும். முதலில் கைப்பிடி கரி தேவைப்பட்டது. பிறகு வந்த முடுக்கி முறையில் அணுக்களையே எண்ணுவதால் ஒரு நெல்மணி போதும். பழனி அருகே பொருந்தலில் ஈமச்சின்னத்துப் பானையில் கிடைத்த நெல்லின் காலம் பொ.ஆ.மு. 490 என்று இம்முறையில்தான் கணித்தார்கள்.

கீழடியைப் பற்றிப் பேசும்போது ‘பொ.ஆ.மு. 580’ என்ற எண்ணை மாணவர்கள் ஒப்பிப்பார்கள். அதன் கூடவே இன்னோர் எண்ணையும் சொல்லிக்கொடுங்கள்: 353 செ.மீ. அந்தக் காலம் கிடைத்த கரித்துண்டு கிடந்த ஆழம் அது. ஆழம் எழுதப்படாத கரி வெறும் அடுப்புக்கரிதான். எவ்வளவு விலையுயர்ந்த இயந்திரத்தில் வைத்தாலும் அது கரியின் வயதைச் சொல்லுமே தவிர, ஊரின் வயதைச் சொல்லாது.

ஒளித்தூண்டல் காலக்கணிப்பு இன்னும் வியப்பானது. மண்ணுக்குள் புதைந்த மணல்துகள் ஆற்றலைச் சிறுகச் சிறுகச் சேமிக்கும். வெயில் பட்டதும் அது அழிந்து சுழியத்துக்கு வந்துவிடும். எனவே அந்தத் துகள் கடைசியாக எப்போது வெயிலைப் பார்த்தது என்று ஆய்வகத்தில் கணிக்கலாம். மாதிரியை வெளிச்சம் படாமல் குழாய்க்குள் எடுக்கவேண்டும். 1863இல் புரூஸ் பூட் கண்ட அத்திரம்பாக்கத்தில், சாந்தி பப்பு குழுவினர் இம்முறையால் இடைப் பழங்கற்காலக் கருவிகளின் தொடக்கத்தை ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன் என்று கணித்து 2018இல் வெளியிட்டார்கள். ஒரே இடம், 155 ஆண்டு இடைவெளி, மாறியது கேட்கும் முறை.

இன்று தோண்டுவதற்கு முன்பே ஆளில்லா வானூர்தியால் நிலத்தைப் படமெடுக்கிறார்கள்; தரையை ஊடுருவும் ரேடாரால் அடியில் சுவர் போன்ற அமைப்புகள் உண்டா என்று பார்க்கிறார்கள். தோண்டிய மண்ணை நீரில் கரைத்து மிதக்கவிட்டுக் கருகிய விதைகளைப் பிரிக்கிறார்கள். பானையின் உள்சுவரில் ஊறிய கொழுப்பிலிருந்து என்ன சமைத்தார்கள் என்று ஆராய்கிறார்கள். அந்தப் பெரியவரின் மூன்றாவது கேள்விக்குப் பொருள் இதுதான். நான் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தது ஒருவேளை யாரோ ஒருத்தி வைத்த குழம்பின் கடைசிச் சுவடாக இருக்கலாம்.

இன்னொரு மாற்றத்தையும் கவனிக்கவேண்டும். முன்பு முடிந்தவரை முழுதும் தோண்டினார்கள். இப்போது ஒரு பகுதியைத் தோண்டாமல் விடுவது நல்ல முறையாகக் கருதப்படுகிறது. நாளை வரப்போகும் கருவிகளுக்கும் மண் மிச்சம் இருக்கவேண்டும் அல்லவா?

திருவானைக்காவல் காசுகள்

2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் சம்புகேசுவரர் அகிலாண்டேசுவரி கோயில் வளாகத்தில் இடத்தைச் சுத்தம் செய்து தோண்டியபோது ஒரு பாத்திரம் கிடைத்தது. உள்ளே 505 பொற்காசுகள், எடை 1.716 கிலோ. முறைப்படி அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள். அந்த நேர்மையை முதலில் மாணவர்களிடம் சொல்லவேண்டும்.

அடுத்து ஒரு கேள்வி கேளுங்கள்: “காசைப் பார்த்தாலே எந்தக் காலத்து அச்சு என்று சொல்லிவிடலாம். எப்போது புதைத்தார்கள் என்று சொல்ல முடியுமா?” சற்று யோசித்தால் பிள்ளைகளே சொல்வார்கள்: முடியாது. தாத்தா காலத்து நாணயத்தை நேற்றுக்கூடப் புதைக்கலாம். தரையை உடைத்துக் குழி வெட்டிப் புதைத்தார்களா, தரை போடும் முன்பே வைத்தார்களா, குழிக்குள் வேறென்ன விழுந்திருந்தது என்பதையெல்லாம் காசு சொல்லாது. சுற்றியிருந்த மண்தான் சொல்லும். காசிலாவது எழுத்து இருக்கிறது. நம் பானை ஓட்டுக்குப் பெரும்பாலும் அதுவும் இல்லை. அது கிடந்த இடம்தான் அதன் முகவரி.

வகுப்பறையில் செய்து பார்க்க

குப்பைத்தொட்டி அடுக்கு (தொடக்க வகுப்புகள்): வகுப்பின் காகிதக் குப்பைத்தொட்டியைத் திங்கள் முதல் வெள்ளி வரை கொட்டாமல் வையுங்கள். வெள்ளி மாலை மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். ‘கீழே இருப்பது பழையது’ என்ற விதியைக் குழந்தைகளே கண்டுபிடிப்பார்கள். யாராவது தொட்டியைக் கிளறியிருந்தால் இன்னும் நல்லது; ‘கலைந்த அடுக்கு’ என்றால் என்ன என்பதையும் சேர்த்துப் படிக்கலாம்.

வாளி அகழாய்வு (6 முதல் 8 வரை): ஒளி ஊடுருவும் பழைய தண்ணீர்க் கேனை வெட்டி, களிமண், மணல், செங்கல்தூள், சாம்பல் என அடுக்கி, இடையிடையே ஓடு, விதை, மணி வையுங்கள். ஓர் அடுக்கில் ஆண்டு தெரியும் நாணயம் ஒன்றை வையுங்கள். அந்த அடுக்கு நாணய ஆண்டுக்கு முந்தியதாக இருக்கமுடியாது, பிந்தியதாக இருக்கலாம் என்ற தருக்கம் பிடிபடும்வரை பேசவிடுங்கள். பிறகு மேலிருந்து ஒரு சிறு குழி போட்டுப் பேனா மூடியைக் கீழடுக்கில் புதைத்து, அடுத்த குழுவிடம் கொடுத்து, ‘சங்க காலத்தில் பேனா இருந்ததா?’ என்று கேளுங்கள். குழியின் விளிம்பைக் கண்டுபிடிக்கும் குழுவுக்குக் கைதட்டல்.

புளியங்கொட்டை அரை ஆயுள் (9, 10): ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கிய 64 புளியங்கொட்டைகளைக் குலுக்கிப் போடுங்கள். வெள்ளை மேலே விழுந்தவற்றை நீக்குங்கள். மீதியை மீண்டும் போடுங்கள். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ பாதி மிஞ்சும். ஒரு வீச்சு 5,730 ஆண்டு. எட்டுக் கொட்டை மிஞ்சினால் எத்தனை ஆண்டு? அறிவியல் ஆசிரியரையும் கணக்கு ஆசிரியரையும் அழைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை சரியாகப் பாதியாக வராது. அறிவியலில் காலத்தைப் பிழை வரம்போடு சொல்வது ஏன் என்று அப்போது விளங்கும்.

ஒரு மீட்டர் சதுரம்: மைதானத்தில் நூலால் ஒரு மீட்டர் சதுரம் கட்டி, அதற்குள் தரைமேல் இருப்பவற்றைத் தொடாமல், 1:10 அளவில் வரைபடத் தாளில் குறிக்கவேண்டும். குச்சி, மிட்டாய்த்தாள், கல் எல்லாம் இடத்தோடு பதிவாகவேண்டும். பிறகு அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு, அங்கே என்ன நடந்தது என்று இன்னொரு குழு சொல்லவேண்டும்.

கோயில் கல்வெட்டைப் பார்க்கப் போகும்போது கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும். சுண்ணக்கட்டியோ மாவோ எண்ணெயோ தடவக்கூடாது. மலைக்கோட்டை அருகில் இராணி மங்கம்மாள் மண்டபத்தில் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனால், பொருளைவிட அதன் அடியில் உள்ள அட்டையைப் படித்து, ‘எந்தத் தகவல் இல்லை?’ என்று எழுதிவரச் சொல்லுங்கள்.

ஓர் எச்சரிக்கை. தொல்லியல் மேடுகளில் நாமே தோண்டக்கூடாது. பாதுகாக்கப்பட்ட இடங்களில் அது சட்டப்படி குற்றம். 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கவேண்டும். கிராம நிர்வாக அலுவலர் அல்லது வட்டாட்சியர் வழியாகத் தெரிவிக்கலாம். நம் மாணவர்களின் வேலை தோண்டுவது அல்ல. வேறு தேவைக்காக யாரோ தோண்டும்போது பார்ப்பது, அளப்பது, வரைவது, தெரிவிப்பது. என் வகுப்பில் ஐந்து சொற்களைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறேன்: எங்கே, எவ்வளவு ஆழம், எதனோடு, எப்போது, யார் பார்த்தது.

மாறுதலில் அந்த உறையூர்ப் பள்ளியை விட்டு வரும் முன், அலமாரியில் இருந்த பழைய அட்டையை எடுத்துவிட்டுப் புதிதாக எழுதி வைத்தேன்: ‘பானை ஓடுகள். உறையூர், ஒரு வீட்டின் கடைக்கால். ஆழம் தெரியாது. உடன் கிடைத்தவை தெரியாது. கழுவப்பட்டவை.’ எழுதும்போது கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அலமாரியில் பாடம் நடத்தும் அட்டை அதுதான்.

சென்ற ஆண்டு, இப்போதைய பள்ளியில், எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டினான். அவன் தெருவில் சாக்கடைக் குழாய் பதிக்கப் பள்ளம் வெட்டியிருந்தார்கள். வேலையாள்கள் சாப்பிடப் போன நேரத்தில், பள்ளத்துக்குள் இறங்காமல், கரையில் இருந்தே நூலில் கல் கட்டித் தொங்கவிட்டு அளந்திருக்கிறான். தார், ஜல்லி, செங்கல் துண்டு கலந்த மண், கறுப்புக் களிமண், ஆற்றுமணல் என ஐந்து அடுக்கு, பக்கத்தில் சென்டிமீட்டர் கணக்கு, தேதி, தெருப்பெயர். நான்காவது அடுக்கில் மூன்று சிறு வட்டம் போட்டு, பென்சிலால் எழுதியிருந்தான்: ‘ஓடு 3. எடுக்கவில்லை.’

அந்தப் பக்கத்தைப் படமெடுத்துத் தொல்லியல் துறை அலுவலகத்துக்கு அனுப்பினேன். பள்ளம் இரண்டு நாளில் மூடப்பட்டுவிட்டது. நோட்டு இருக்கிறது.